உருண்டவர்களும் விழுந்தவனும்

என் மனைவி பார்வதியின் அண்ணன் வேலுச்சாமிக்குப் போன ஆடியில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அவர் கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறை வேலப்பருக்கு வேண்டிக்கொண்டார். பிழைத்து எழுந்தால் தேருக்குப் பின்னால் உருண்டு வருகிறேன் என்று வேண்டுதல். பிழைத்து எழுந்தார். தேரும் வந்துவிட்டது. டாக்டர் என்ன சொன்னார் என்று போனில் கேட்டேன்.

"அலையாதீங்க, முடிஞ்சவரைக்கும் படுத்து ரெஸ்ட் எடுங்கன்னாரு மாப்ளே. நானும் படுத்துக்கிட்டுதான போகப் போறேன்?" என்றார் மச்சான்.

நீதிமன்றத்தில் முப்பது வருஷம் தட்டச்சராக இருந்தவன் நான். எத்தனையோ வக்கீல்களின் வாதத்தைக் கேட்டு அடித்திருக்கிறேன். இப்படி ஒரு வாதத்தை அடித்ததே இல்லை. டொராண்டோவில் இருக்கும் அவர் மகள் கவிதா போனில் சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில் அவள் இரண்டு நிபந்தனைகளோடு இறங்கி வந்தாள். அவள் அனுப்பிய கைக்கடிகாரத்தை அப்பா ஒரு நிமிஷமும் கழற்றக் கூடாது. மயிலாடுதுறை மாமா கூடவே போக வேண்டும்.

மயிலாடுதுறை மாமா நான்தான். வயது அறுபத்திரண்டு. வாழ்நாளில் ஊசி போட்டுக்கொண்டதாக நினைவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அடுத்தவரைப் பார்க்கக் கையில் ஆரஞ்சுப் பழத்தோடு போவேன். இந்தப் பெருமையைப் போகிற இடமெல்லாம் சொல்வது என் வழக்கம். இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நாடித்துடிப்பை எண்ணும். நடந்த அடிகளை எண்ணும். கட்டியிருப்பவர் கீழே விழுந்தால் கண்டுபிடித்து, கையை அதிரவைத்து, 'பலமாக விழுந்துவிட்டதுபோல் தெரிகிறது' என்று எழுத்தில் காட்டும். அதன் கீழே இரண்டு பொத்தான்கள். மேலே 'உதவி வேண்டும்', கீழே 'நலமாக இருக்கிறேன்'. ஒரு நிமிஷத்துக்குள் எதையும் அமுக்காவிட்டால் டொராண்டோவுக்குச் செய்தி போய்விடும். மச்சானுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. கண்ணாடியும் போட மாட்டார். ஆகவே அமுக்குவது என் வேலை.

முதல் நாள் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். மச்சான் ஒரு சீப்பு மலைவாழைப்பழமும், ரத்த அழுத்தக் கருவி, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி, மாத்திரைகள், சார்ஜர், பிளாஸ்க் எல்லாம் அடங்கிய ஒரு பையுமாக நின்றார். பையை என் இடது தோளில் மாட்டிவிட்டார். பழத்தை அவர் வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதில் ஏறி இறங்கியே பழகியவனுக்குக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஜன்னலோர சீட் தேவைப்பட்டது. மச்சானுக்கோ மலை ஏற ஏற உற்சாகமும் ஏறியது. அவர் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தொடையில் ஓங்கி அடித்துக்கொள்வார். அதுவும் கடிகாரம் கட்டிய கையால். பக்கத்துத் தோட்டக்காரர் மோட்டாரைக் கிணற்றுக்குள் விட்ட கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள் கடிகாரத்தின் கணக்குப்படி நான்கு முறை விழுந்துவிட்டார். மூன்று முறை 'நலமாக இருக்கிறேன்' அமுக்கினேன். நான்காவது முறை நான் ஜன்னல் பக்கம் திரும்பி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

உடனே என் போன் அடித்தது. "மாமா! அப்பா விழுந்துட்டாரா? அலெர்ட் வந்துச்சு!" என்றாள் கவிதா.

"விழலைம்மா. ஜோக் சொன்னார்."

"நீங்க ஏன் மூச்சு வாங்குறீங்க?"

"மலைம்மா," என்றேன். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

கொடைக்கானல் பஜாரை ஒட்டிய ஒரு லாட்ஜில் தங்கினோம். நடத்துபவர் அபுபக்கர் பாய், மச்சானோடு வாழைக்காய் வியாபாரத்தில் பழகியவர். அவர் புதிதாக வாசல் கதவுக்கு முகம் பார்த்துத் திறக்கும் பூட்டு மாட்டியிருந்தார். சாவி தொலைப்பவர்களிடம் பட்ட பாடு போதும் என்றார். எங்கள் இருவர் முகத்தையும் கேமரா முன் காட்டிப் பதிவு செய்தார். இனி நாங்கள் போய் நின்றால் கதவு தானாகத் திறக்கும்.

சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்து நின்றோம். திறக்கவில்லை. மச்சானும் நானும் மங்கி குல்லா போட்டிருந்தோம். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே. எங்களுக்கு முன்னால் நின்ற நான்கு பேரும் அப்படித்தான். அந்த ஊரில் குல்லா போடாமல் வெளியே போனது நாய்கள் மட்டும்தான். ஒவ்வொருவராகக் குல்லாவைக் கழற்றி, பல் தந்தியடிக்க நின்று, கதவு திறந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனோம்.

"என்ன பாய், சளி புடிக்க வைக்கிற கதவா வாங்கி வச்சிருக்கீங்க?" என்றார் மச்சான்.

"திருடனுக்கும் சேத்துத்தான் சளி புடிக்கும்," என்றார் பாய். கதவு யாரையாவது மறுத்தால் பின்பக்கச் சமையலறை வழியாக வரச் சொல்வாராம். சமையலறைக்குப் பூட்டே கிடையாது.

இரண்டாம் நாள் சும்மா இருந்தோம். மலைக்காற்றுக்கு உடம்பு பழக வேண்டும் என்று கவிதா சொல்லியிருந்தாள். நான் இரண்டு மணிக்கு ஒரு தடவை மச்சானுக்கு ரத்த அழுத்தம் பார்த்து அவளுக்கு அனுப்பினேன். எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் இருந்தது. மத்தியானம் பாய் வீட்டிலிருந்து ரொட்டியும் சால்னாவும், முழுப்பூண்டு போட்ட ஒரு குழம்பும் வந்தது. மலைப்பூண்டு சின்னதாக இருக்கிறது, காரம் மூக்கு வரை வருகிறது. நான் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டேன். சாயங்காலம் நெஞ்சுக்கு நடுவே எரிந்தது.

"பூண்டுதான் மச்சான்," என்றேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே மாப்ளே. வேணும்னா அந்த மிஷின ஒருக்கா உங்க கையில மாட்டிப் பாருங்களேன்."

"பேட்டரி தீர்ந்துபோகும். நாளைக்கு உங்களுக்கு வேண்டும்," என்றேன். இதை நான் சொன்னேன் என்பதை இங்கே மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

மூன்றாம் நாள் தேர். வெள்ளனே கிளம்பினோம். வாசலைத் தாண்டிய பிறகுதான் மச்சானின் மாத்திரை நினைவுக்கு வந்து நான் மட்டும் திரும்பி வந்தேன். குல்லாவைக் கழற்றி, யோக்கியமாகக் கேமரா முன் நின்றேன். 'முகம் பொருந்தவில்லை' என்றது கதவு. முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பொருந்தவில்லை. சிரித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. முப்பது வருஷம் கோர்ட்டில் மற்றவர்களை அடையாளம் காட்டச் சொல்வதைக் கேட்டு அடித்துக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. உள்ளிருந்து பாய் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"அது கெடக்கு சனியன்! பின்னாடி வாங்க!"

பூம்பாறை பஸ்ஸில் எள் போட்டால் விழாது. பாதி வழியில் காட்டுமாடு ஒன்று ரோட்டின் நடுவில் நின்றதால் பஸ்ஸும் நின்றது. அது நகரும்வரை கண்டக்டர் உட்பட யாரும் சத்தம் போடவில்லை. மச்சான்கூடத் தொடையில் அடிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பூம்பாறையில் பூண்டு வியாபாரம் செய்யும் பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் நெஞ்சைத் தடவுவதைப் பார்த்துவிட்டார்.

"வாயுவா அய்யா?"

"பூண்டு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை."

"பூண்டு எங்கிட்டாச்சும் ஒத்துக்காமப் போகுமா? இந்தாங்க, பச்சையா ரெண்டு பல்லு மென்னு தின்னுங்க. வெரசா சரியாப் போகும்," என்று மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்ததால் நெஞ்சு எரிச்சல் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

பூம்பாறை அழகான ஊர். படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டும் கேரட்டும் பச்சைக் கம்பளம் விரித்திருந்தன. ஆனால் அன்றைக்கு வயலைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. தேரடி முனையில் ஒரு கம்பத்தில் இரண்டு கேமராக்கள், ஒரு ஒலிபெருக்கி. கீழே சாமியானாப் பந்தலில் ஒரு லேப்டாப். அதன் முன்னால் பிரதீப் என்ற இளம் என்ஜினியர். பெங்களூர்க் கம்பெனி, சொந்த ஊர் திருப்பூர். கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டால் கண்டுபிடிக்கும் கேமராவைச் சோதனைக்காக இங்கே கொண்டுவந்திருந்தார்கள்.

"மனுஷங்க கீழ விழுந்தா மூணே செகண்ட்ல கண்டுபிடிச்சிரும் சார். கன்ட்ரோல் ரூமுக்குத் தானா மெசேஜ் போயிரும். ஆம்புலன்ஸும் தானா வந்துரும். மனுஷங்க தலையிடவே வேண்டியதில்ல," என்றார் பிரதீப்.

"படுத்துக்கொண்டே வருகிறவர்களை என்ன செய்யும்?"

"எதுக்கு சார் படுத்துக்கிட்டு வருவாங்க?"

பூண்டு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "தம்பிகிட்ட யாரும் சொல்லலையா?" என்றார். நான் மச்சானை அறிமுகப்படுத்தினேன். அதற்குள் அவர் சட்டையைக் கழற்றி, வேட்டியை இறுக்கிக் கட்டி, வெற்றுடம்பும் கடிகாரமுமாக நின்றார். பிரதீப்பின் முகம் வெளுத்தது.

தேர் நகர்ந்தது. தெருவில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். தேர் போன தடத்திலேயே ஆணும் பெண்ணுமாக வரிசையாகப் படுத்தார்கள், உருள ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் கூடவும் வீட்டு ஆள் ஒருவர் குனிந்து நடந்து, உருள்பவர் திசை மாறாமல் தள்ளிவிட வேண்டும். மச்சானுக்கு நான். தள்ளுவதோடு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவர் ஒரு சுற்று உருண்டால் கடிகாரம் ஒரு முறை அதிர்ந்தது. உருள்கிற கை மேலே வரும்போது பாய்ந்து பிடிக்க வேண்டும், சேற்றைத் துடைக்க வேண்டும், 'நலமாக இருக்கிறேன்' அமுக்க வேண்டும். அதற்குள் கை கீழே போய்விடும். இடது தோளில் அந்தப் பை வேறு. ஓடுகிற கோழியைப் பிடிப்பவன் மாதிரி தெருவெல்லாம் குனிந்து ஓடினேன்.

"மாப்ளே, முருகா சொல்லுங்க!" என்றார் மச்சான், முகம் மேலே வந்தபோது.

"நலமாக இருக்கிறேன்," என்றேன், அமுக்கியபடி.

அப்போதுதான் ஒலிபெருக்கி விழித்துக்கொண்டது. தமிழ் படித்த வெள்ளைக்காரி மாதிரி ஒரு பெண் குரல். "கவனம். மக்கள் கீழே விழுந்துள்ளனர். நிற்பவர்கள் நிற்கவும். விழுந்தவர்களுக்கு வழிவிடவும்." நாகஸ்வரத்தையும் மீறிக் கேட்டது. பத்து விநாடிக்கு ஒரு முறை சொன்னது. லேப்டாப் திரையில் உருண்டவர்களைச் சுற்றியெல்லாம் சிவப்புக் கட்டங்கள் பூத்துக்கொண்டே போனதாகப் பிற்பாடு பிரதீப் சொன்னார்.

"ஏலே, அத அமத்துங்கடா! சாமி போறது தெரியல?" என்று உருண்டபடியே ஒரு பெரியவர் அதட்டினார்.

"மேனேஜர் பாஸ்வேர்டு போடணும்ங்க! லைன் கிடைக்க மாட்டேங்குது!" என்று பிரதீப் பந்தலிலிருந்து கத்தினார். கன்ட்ரோல் ரூமுக்கு மட்டும் லைன் நன்றாகக் கிடைத்திருந்தது. பூம்பாறையில் பெரும் நெரிசல் என்று செய்தி போயிருந்தது. திருவிழாவுக்கென்று காலையிலிருந்து நின்ற ஆம்புலன்ஸ் ஒரு பிரசவ கேஸை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போயிருந்ததால், வேறொரு ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு புறப்பட்டிருந்தது.

தேர் நின்று நின்று போனது. இரண்டு தெரு முடிந்து, பிரதீப்பின் பந்தலுக்குப் பக்கத்திலேயே வரும் மூன்றாவது தெருத் திருப்பத்தில் என் தோளிலிருந்து பை நழுவியது. எடுக்கக் குனிந்தேன். இடது கை வரவில்லை. பையின் கனம் என்று நினைத்தேன். நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்ததுபோல் இருந்தது. பூண்டு என்று நினைத்தேன். மூச்சு வரவில்லை. மலை என்று நினைத்தேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. பாண்டியம்மாளின் பூண்டு மூட்டை சுவரோரம் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். மச்சான் உருண்டு போய்க்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அவரைக் கூப்பிட நினைத்தேன், குரல் எழவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதிலிருந்து செல்வி என்ற நர்ஸ் பையோடு குதித்தார்.

"யாரு விழுந்தது?"

பிரதீப் தெருவைக் காட்டினார். தெரு முழுக்க விழுந்து கிடந்தது, உருண்டும் கொண்டிருந்தது. செல்வி ஒரு கணம் இடுப்பில் கை வைத்து நின்றார். "வேண்டுதலா? இதுக்கா அம்புட்டு வேகமா வந்தோம்?" என்று திட்டிக்கொண்டே திரும்பியவர், என்னைப் பார்த்துவிட்டு நின்றார். கிட்டே வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"அய்யா, இந்தக் குளிர்ல உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்குது?"

"நான் துணைக்கு வந்தவன்," என்றேன். "பேஷன்ட் அங்கே உருள்கிறார்."

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. இரண்டு பேர் என்னைத் தூக்கி உள்ளே படுக்கவைத்தார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். பெட்டியிலிருந்து ஒரு காகித நாடா வந்தது. செல்வி அதைப் போனில் படம் எடுத்து அனுப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கொடைக்கானலிலிருந்து ஒரு பெண் டாக்டரின் குரல் கேட்டது. "அட்டாக்தான். மாத்திரையை மென்னு முழுங்கச் சொல்லுங்க. உடனே கிளம்புங்க." கண்ணால் பார்க்காத என் இதயத்தை அவர் அங்கிருந்தே பார்த்துவிட்டார். மாத்திரையை மென்றேன். பூண்டு வாசனையோடு இறங்கியது.

கதவை மூடும் சமயத்தில் யாரோ தடுத்தார்கள். உடம்பெல்லாம் சேறு, முடியெல்லாம் சேறு, மச்சான்.

"வேண்டுதல் பாதியில..." என்றேன்.

"கெடக்குது போங்க. நாலஞ்சு சுத்து உருண்டுட்டேன், கைய யாரும் புடிக்கக் காணோம். என்னடா இது, மாப்ள அப்படி விட மாட்டாரேன்னு எந்திரிச்சுப் பாத்தேன்." சேற்றுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது.

வண்டி புறப்பட்டது. அவர் தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைக்கப் பார்த்தார், வேட்டியும் சேறாக இருந்ததால் என் சட்டையில் துடைத்தார். என் மணிக்கட்டில் கட்டினார். முதல் வளைவில் வண்டி ஒடித்துத் திரும்பியது, என் கை கட்டில் கம்பியில் மோதியது, கடிகாரம் அதிர்ந்தது. மச்சான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்ன கேக்குது மாப்ளே?"

"பலமாக விழுந்துட்டியான்னு கேட்குது."

"ரெண்டுல எத அமுக்க?"

மூன்று நாளாகக் கீழே இருப்பதை மட்டுமே அமுக்கிய விரல் என்னுடையது. "மேலே இருக்கிறதை, மச்சான்," என்றேன்.

கொடைக்கானலில் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். ஊசி வலிக்கத்தான் செய்கிறது. அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோய் எனக்கும் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பார்வதி வந்தாள், முதலில் அழுதாள், பிறகு அண்ணனையும் என்னையும் சேர்த்துத் திட்டினாள். கவிதா எனக்கும் ஒரு கடிகாரம் வாங்கி அனுப்பிவிட்டாள். ஆரஞ்சுப் பழத்தோடு ஆட்கள் என்னைப் பார்க்க வந்தார்கள்.

பிரதீப் போன் செய்தார். கேமரா அன்றைக்குச் செய்த தப்புகளைக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருப்பதாகவும், சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவரை மட்டும் 'நலம்' என்று பச்சைக் கட்டம் போட்டுக் காட்டியிருப்பதாகவும், அது நான்தானா என்றும் தயங்கிக் கேட்டார். நான்தான் என்றேன். ஆனாலும் அது நெரிசல் என்று பொய் சொல்லாமல் இருந்திருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்காது தம்பி, அதையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

லாட்ஜில் விட்டுவந்த என் துணிப்பையை அபுபக்கர் பாய் நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். "அன்னைக்கி வெள்ளனே கதவு உங்கள ஆளு தெரியலன்னுச்சு பாருங்க, அத இன்னிக்கித்தான் கழட்டச் சொல்லிட்டு வர்றேன்," என்றார்.

கழற்ற வேண்டாம் பாய் என்றேன். பனியோ, கேமராவில் தூசியோ, தெரியாது. ஆனால் அன்றைக்கு என் முகம் சரியில்லை என்று சொன்னது அது ஒன்றுதான். மச்சான் சொல்லவில்லை. கண்ணாடி பார்த்துத் தலை வாரிய நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று டாக்டர் வந்தார். மாத்திரைச் சீட்டை விளக்கினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மச்சான் அவருக்குப் பின்னால் பவ்யமாகக் கை கட்டி நின்றார்.

"மெயினா அலைச்சல் கூடாதுங்க. முடிஞ்சவரைக்கும் படுத்து ரெஸ்ட் எடுங்க," என்றார் டாக்டர்.

மச்சான் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. தொடையில் ஓங்கி ஒரு அடி.

"எனக்குப் பாதி பாக்கி கெடக்கு மாப்ளே. அடுத்த தேருக்கு ரெண்டு பேருமாவே படுத்துப் போயிருவோம். உங்களுக்கும் சேத்து அன்னைக்கி வண்டியிலேயே வேண்டிக்கிட்டேன்."